ஏலத்துல வீடு எடுத்தாச்சு, உள்ள ஆள் இருக்காங்களே? – வாசகர் கேள்வி பதில்

போன தடவை பேங்க் ஏலத்துல வர்ற வீடுகளைப் பத்தி போகிற போக்குல நாலு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த லெட்டர்ல முக்கால்வாசி ஒரே புலம்பல்தான். வீடு பேருக்கு வந்துடுச்சு, சாவி வரல. சரி, இந்த தடவை முழுக்க அதையே பேசிடுவோம். நான் வக்கீல் இல்ல, பேங்க்ல ரெக்கவரி பக்கம் பல வருஷம் உட்கார்ந்து எழுந்தவன், கதவுல நோட்டீஸ் ஒட்டின கை இது. அதனால நடைமுறையைச் சொல்றேன், உங்க பேப்பரை ஒரு வக்கீல் கண்ணுல காட்டிட்டு அப்புறம் இறங்குங்க.

கேள்வி: மதுரை திருப்பாலை பக்கம் ஒரு தனி வீடு, பேங்க் ஈ-ஆக்‌ஷன்ல 38 லட்சத்துக்கு எடுத்தேன் சார். பணம் முழுசும் கட்டி, சேல் சர்டிபிகேட் வாங்கி, ரிஜிஸ்டரும் பண்ணியாச்சு. போய் பாத்தா உள்ள ஒரு குடும்பம் இருக்கு, பழைய ஓனர்கிட்ட 6 லட்சம் ஒத்தி கொடுத்து உட்கார்ந்திருக்கோம், அந்த பணத்தை நீங்க குடுத்தா காலி பண்றோம்ங்கறாங்க. பேங்க்ல கேட்டா உள்ளது உள்ளபடிதானே வாங்கினீங்க, நீங்களே பாத்துக்கோங்கன்னு கையை விரிச்சுட்டாங்க. மச்சான் என்னடான்னா அவங்க ஊருக்கு போறப்போ பூட்டை மாத்திடலாம்ங்கறான். லோன் வேற போட்டிருக்கேன், மாசம் 29 ஆயிரம் இஎம்ஐ ஓடுது. என்ன பண்றது?
– வாசகர், மதுரை

பதில்: தம்பி, முதல்ல மச்சானை வீட்டுலயே உட்கார வைங்க. பத்திரம் உங்க பேர்ல இருக்கலாம், ஆனா உள்ள குடியிருக்கறவங்களை சட்டப்படி இல்லாம வெளிய தள்ளினா ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் 6-வது பிரிவுல ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போட்டு அவங்க திரும்ப உள்ள வந்துடலாம், அந்த கேஸ்ல வீடு யாருதுங்கற கேள்வியே எடுபடாது, யாரு குடியிருந்தா யாரு துரத்தினாங்கறது மட்டும்தான் பாப்பாங்க. அதுக்கு மேல, பூட்டை உடைச்சு பீரோல இருந்த எட்டு பவுனை எடுத்துட்டாங்கன்னு ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுத்தா அப்புறம் நீங்க வீட்டுக்கு அலையறதை விட்டுட்டு முன்ஜாமீனுக்கு அலைவீங்க. கரண்டை புடுங்கறது, தண்ணி மோட்டாரை நிறுத்தறது இதெல்லாமும் அதே ரகம்தான், செய்யாதீங்க.

இப்போ அந்த ஒத்திக்கு வருவோம். உங்க ஊர்ல ஒத்தி, மெட்ராஸ்ல அதையே லீஸுங்கறாங்க, சில ஊர்ல போக்கியம். மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டு வாடகை இல்லாம இருக்கறது, போறப்போ தொகையை திருப்பி வாங்கிக்கறது. கையில காசு இல்லாம இஎம்ஐ கட்ட முடியாம தவிக்கற ஓனருக்கு இது அல்வா மாதிரி, வீடு பேங்க்ல அடமானத்துல இருக்குன்னு வாயே திறக்காம ஆறு லட்சத்தை வாங்கி முழுங்கிடுவாரு. நான் பாத்த ஏல வீடுகள்ல இந்த மாதிரி மாட்டினவங்க ரொம்ப பேர், அதனால அந்த குடும்பம் பொய் சொல்லுதுன்னு முடிவு கட்டிடாதீங்க. பெரும்பாலும் அவங்க சொல்றது நிஜம்தான். நிஜமா இருந்தாலும் அந்த பணத்துக்கு பெரும்பாலும் நீங்க பொறுப்பா ஆக மாட்டீங்க, அது வேற விஷயம்.

அந்த ஒத்தி பேப்பரை ஒரு காப்பி கேட்டு வாங்குங்க. 20 ரூபா பத்திரத்துல டைப் அடிச்சு ரெண்டு சாட்சி கையெழுத்து போட்டதா இருந்தா, அது பதிவே ஆகாத பேப்பர். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 59-வது பிரிவுப்படி 100 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள அடமானம் பதிவு பண்ணித்தான் ஆகணும், டைட்டில் டீடை ஒப்படைச்சு வைக்கற அடமானத்துக்கு மட்டும்தான் விலக்கு. வாடகை அக்ரிமென்டும் அப்படித்தான், ஒரு வருஷத்துக்கு மேலன்னா 107-வது பிரிவுல பதிவு கட்டாயம். அப்புறம் தேதியைப் பாருங்க. வில்லங்கம் போட்டு பாத்தா பேங்க்ல டாகுமென்ட் ஒப்படைச்ச தேதி தெரியும், ஒத்தி போட்ட தேதி அதுக்கு முன்னாடியா பின்னாடியா? முன்னாடியே பதிவான ஒத்தியா இருந்தா நிலைமை நிஜமாவே சிக்கல், பேங்க் பாக்காம லோன் குடுத்திருக்குன்னு அர்த்தம். பின்னாடி, அதுவும் சர்ஃபாசி சட்டத்துல (கோர்ட்டுக்கு போகாமலே அடமான சொத்தை எடுத்து விக்க பேங்குக்கு வழி தர்ற சட்டம்) கடனை கட்டச் சொல்லி பேங்க் 13(2) நோட்டீஸ் அனுப்பினதுக்கு அப்புறம் போட்டதா இருந்தா பேங்க் எழுத்துல சம்மதம் குடுக்காம அந்த ஓனர் வீட்டை யாருக்கும் விட்டிருக்கவே கூடாது, சட்டத்துலயே 13(13)-ல தடை இருக்கு. அவங்க ஆறு லட்சத்தை அந்த ஓனர்கிட்டதான் கேட்கணும், தேவைப்பட்டா சீட்டிங் கம்ப்ளைன்டும் குடுக்கலாம்.

அடுத்து, வீட்டை ஏலம் விட்ட பேங்க். உள்ளது உள்ளபடின்னு அவங்க சொல்றது ஒரு கேடயம், அதுக்கு பின்னாடி ஒளிஞ்சுக்கறாங்க (நானும் ஒளிஞ்சிருக்கேன், இப்போ சொல்றதுல வெட்கம் இல்ல). ஏல நோட்டீஸை திரும்ப எடுத்து பாருங்க, சிம்பாலிக் பொசஷன்னு போட்டிருக்கா பிசிகல் பொசஷன்னு போட்டிருக்கா? சிம்பாலிக்னா கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டி ரெண்டு பேப்பர்ல விளம்பரம் குடுத்துட்டு வந்துட்டாங்கன்னு அர்த்தம், உள்ள யாரு அடுப்பு பத்த வைக்கறாங்கன்னு யாரும் பாத்திருக்க மாட்டாங்க. அப்படிப்பட்ட வீட்டை காலி பண்ணித் தர சர்ஃபாசி சட்டத்துல 14-வது பிரிவு இருக்கு, கலெக்டர்கிட்டயோ சீஃப் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்கிட்டயோ மனு போட்டு போலீஸ் உதவியோட வீட்டை எடுக்கறது. மெட்ராஸ் சிட்டினா எழும்பூர் சீஃப் மெட்ரோபாலிட்டன் மாஜிஸ்திரேட். இந்த மனுவை போட கடன் குடுத்த பேங்குக்குத்தான் வழி இருக்கு, உங்களால போட முடியாது. வீட்டை வித்துட்டோமே இனி எங்களுக்கு என்ன உரிமைன்னு பேங்க் கேட்டா, 2018-ல ஐடிசிக்கும் புளூ கோஸ்ட் ஹோட்டல்ஸுக்கும் நடந்த கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு பதில் சொல்லியிருக்கு, சேல் சர்டிபிகேட் குடுத்த பிறகும் கையில பொசஷன் இல்லாத பட்சத்துல பேங்க் 14-ல மனு போடலாம்னு. இதை எழுதி, பேங்க் சார்புல ஏலத்தை நடத்தின ஆதரைஸ்டு ஆபீசருக்கு ஒரு லெட்டர், ஜோனல் ஆபீசுக்கு ஒரு காப்பி, ரெண்டுமே ஸ்பீட் போஸ்ட்ல, போய் சேர்ந்ததுக்கு அத்தாட்சியோட. நேர்ல போய் கேபின்ல கெஞ்சறதுக்கு மதிப்பே இல்ல. லெட்டருக்கும் அசையலன்னா ஹைகோர்ட் மதுரை பெஞ்ச்ல ரிட் போட்டு பேங்கை நகர வைக்கலாம். நோட்டீஸ்ல பொசஷன் எடுக்கறது வாங்கறவர் பொறுப்புன்னு ஒரு கண்டிஷன் நுழைச்சிருந்தா கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டி வரும், அதையும் வக்கீல்கிட்ட காட்டுங்க.

மாஜிஸ்திரேட் 30 நாள்ல ஆர்டர் போடணும், காரணம் எழுதி மொத்தம் 60 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம்ங்கறது சட்டம். நடைமுறையில இந்த தேதியை நம்பி பால் காய்ச்ச நாள் குறிச்சிடாதீங்க, கெடு தாண்டிட்டா மனு செத்துப்போகாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு, அதனால தாண்டத்தான் செய்யும்.

ஆர்டர் வந்து வீட்டை எடுக்கற நாள் எப்படி இருக்கும்னு கேட்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கோர்ட் நியமிச்ச வக்கீல், அதாவது அட்வகேட் கமிஷனர் வருவாரு, ரெண்டு போலீஸ், கட்டாயம் ஒரு லேடி கான்ஸ்டபிள், வீடியோ எடுக்கற பையன், பூட்டு திறக்கறவர், நாங்க ரெண்டு பேர். ஒரு வீட்ல ஆள் இல்ல, முந்தின நாள் ராத்திரியே போயிட்டாங்க, சாமானை எல்லாம் அப்படியே விட்டுட்டு. கமிஷனர் ஒவ்வொண்ணா சொல்ல சொல்ல நான் எழுதறேன், எவர்சில்வர் குடம் 3, கிரைண்டர் 1, தையல் மெஷின் 1, பிளாஸ்டிக் சேர் 4. ஹால்ல ஒரு மீன் தொட்டி, பம்ப் ஓடிக்கிட்டிருக்கு. இதை என்னன்னு சார் எழுதறதுன்னு கேட்டேன், அவரும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு கண்ணாடி தொட்டி 1, தங்கமீன் 4னு எழுதுங்கன்னாரு. வாசல்ல பூட்டு போட்டு துணி சுத்தி அரக்கு சீல் வச்சுட்டு கிளம்பறப்போ அந்த தொட்டி பக்கத்து வீட்டு பாட்டி கையில, ரசீது எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டுதான் குடுத்தோம்.

இதெல்லாம் நடக்கற வரைக்கும் சும்மா இருக்கணும்னு இல்ல. லெட்டர் போட்ட அன்னிக்கே அந்த குடும்பத்துகிட்ட உட்கார்ந்து பேசுங்க, மச்சான் இல்லாம. உங்க இஎம்ஐ 29 ஆயிரம், ஆறு மாசம் இழுத்தா 1,74,000 போச்சு, வக்கீல் பீஸ் தனி. அதுல ஒரு 60, 70 ஆயிரத்தை ஷிப்டிங் செலவு, புது வீட்டு அட்வான்ஸுக்குன்னு நீங்களா குடுத்து முடிச்சா ரெண்டு பக்கமும் லாபம். ஆறு லட்சம் கேட்டவங்க இதுக்கு ஒத்துப்பாங்களான்னா, உடனே மாட்டாங்க. சட்டப்படி ஒண்ணுமே வராதுன்னு அவங்க வக்கீலே அவங்ககிட்ட சொன்ன பிறகு ஒத்துப்பாங்க, அதுக்கு கொஞ்சம் நாள் விடணும். பணத்தை முன்கூட்டியே குடுக்காதீங்க. வீடு காலியாகி, நீங்க ஒவ்வொரு ரூமா போய் பாத்து, சாவி கைக்கு வந்து, எங்களுக்கு இந்த வீட்ல எந்த பாத்தியதையும் இல்லன்னு குடும்பத்துல பெரியவங்க எல்லாரும் கையெழுத்து போட்ட பிறகு அங்கேயே வச்சு குடுங்க.

இன்னொண்ணு, இதுல நிறைய பேர் ஏமாந்திருக்காங்க. காலி பண்ற வரைக்கும் மாசம் ஏழாயிரம் வாடகையா தர்றோம்னு சொல்வாங்க. வாங்கிடாதீங்க. வாங்கின அன்னிக்கே அவங்களை உங்க வாடகைதாரர் ஆக்கினது நீங்கதான்னு ஆயிடும், அப்புறம் பேங்கும் 14-வது பிரிவும் கழண்டுக்கும், நீங்க ரென்ட் கோர்ட் வாசல்ல நிப்பீங்க.

கேள்வி: ஏலத்துல எடுத்த வீட்ல பழைய ஓனரோட அம்மா மட்டும் இருக்காங்க சார், எழுபது வயசுக்கு மேல. பையன் எங்கேயோ போயிட்டான். தை பொறந்தா மக வீட்டுக்கு போயிடறேன், அது வரைக்கும் விடுப்பாங்கறாங்க. மனசு கேக்கல. ஆனா வீட்ல எல்லாரும் ஏமாளிங்கறாங்க.
– வாசகர், திருப்பூர்

பதில்: விடுங்க. ஆனா எழுத்துல விடுங்க. இந்த தேதி வரைக்கும் உங்க அனுமதியில, வாடகை எதுவும் இல்லாம இருக்காங்க, அன்னிக்கு சாவியை ஒப்படைச்சுடறாங்கன்னு ஒரு பேப்பர், அந்த அம்மா கையெழுத்தோட அந்த மகளோட கையெழுத்தும். பொண்ணுகிட்ட நீங்களே போன்ல பேசுங்க, எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் விஷயத்துல அம்மா வரப்போறாங்கங்கறதே அந்த மகளுக்கு தெரியாம இருந்துச்சு, அம்மா நாள் கடத்த சொன்ன பேச்சு அது. பேங்க்ல 14-வது பிரிவு மனு போட்டிருந்தா அதை வாபஸ் வாங்க சொல்லாதீங்க, அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகட்டும், ஆர்டர் கையில இருந்தா நீங்க தர்ற நாலு மாசம் நிஜமாவே பெருந்தன்மையா இருக்கும், ஆர்டர் இல்லாம குடுத்தா வீட்ல சொல்ற மாதிரிதான்.

கேள்வி: நான் அந்த பக்கத்து ஆள் சார். வாடகைக்கு இருக்கேன், நாலு வருஷமா மாசம் தவறாம 11 ஆயிரம் கட்டறேன். திடீர்னு கதவுல பேங்க் நோட்டீஸ். ஓனர் போனே எடுக்கல. ஸ்கூல் போற ரெண்டு பிள்ளைங்க. நாளைக்கே வெளிய தள்ளிடுவாங்களா?
– வாசகி, கோவை

பதில்: நாளைக்கே எல்லாம் முடியாதும்மா, பயப்படாதீங்க. அந்த நோட்டீஸை போட்டோ எடுத்து வைங்க, ஒட்டின தேதி ரொம்ப முக்கியம், அதுல இருந்து 45 நாள்தான் உங்க டைம். அதுக்குள்ள டிஆர்டியில (கடன் வசூல் தீர்ப்பாயம்), உங்களுக்கு கோவையிலயே இருக்கு, நான் வாடகைதாரர்னு சர்ஃபாசி 17-வது பிரிவுல மனு போடலாம், 2016-ல திருத்தம் பண்ணப்போ வாடகைதாரருக்குன்னே 4ஏன்னு ஒண்ணு சேர்த்தாங்க. வாடகை பேங்க் டிரான்ஸ்பர்ல போயிருந்தா நாலு வருஷ ஸ்டேட்மென்ட் எடுங்க, கேஸ் சிலிண்டர் ரசீது, ஈபி பில், பிள்ளைங்க ஸ்கூல் அட்ரஸ், எல்லாம் சாட்சிதான். கையில காசா குடுத்து ரசீது வாங்காம இருந்தீங்கன்னா அங்கதான் இடிக்கும்.

ரொம்ப நம்பிக்கை குடுக்கவும் எனக்கு இஷ்டமில்ல. லோன் வாங்கினதுக்கு முன்னாடியே நீங்க குடிவந்து, பதிவான அக்ரிமென்ட்டும் இருந்தா அந்த காலம் முடியற வரைக்கும் உங்களை அசைக்கறது கஷ்டம், 2014-ல ஹர்ஷத் சோண்டாகர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது அது. பதிவு இல்லாத அக்ரிமென்ட், வாய்ப்பேச்சு வாடகைன்னா ஒரு வருஷத்துக்கு மேல பாதுகாப்பு கேக்க முடியாதுன்னு 2019-ல பஜ்ரங் அகர்வால் கேஸ்ல வந்துடுச்சு, நாலு வருஷமா இருக்கற உங்களுக்கு அது தாண்டிப் போச்சு. நம்ம ஊர்லயும் 2019-ல இருந்து புது வாடகை சட்டம் நடைமுறைக்கு வந்து அக்ரிமென்ட்டை எழுதி வாடகை அதாரிட்டியில பதிவு பண்ணணும்னு இருக்கு, யாரு பண்றா சொல்லுங்க. அதனால டிஆர்டி மனுவை வீட்டை காப்பாத்தற வழியா நினைக்காதீங்க, டைம் வாங்கற வழியா நினைங்க. ஸ்கூல் வருஷம் முடியற வரைக்கும் விடுங்கன்னு பேங்குக்கும் ஒரு லெட்டர் குடுத்து பாருங்க, இரக்கம் இருக்கற ஆபீசரா வாய்ச்சா நடக்கும். ஓனருக்கு குடுத்த அட்வான்ஸை வாடகையில கழிச்சுக்கறேன்னு இப்பவே எழுத்துல சொல்லிடுங்க, பின்னாடி பிடிக்க ஆளே இருக்க மாட்டார். ஆனா வாடகையை இனி எங்களுக்கு கட்டுங்கன்னு பேங்க் ஏற்கெனவே எழுத்துல கேட்டிருந்தா, கழிக்கறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

கேள்வி: ஏலம் முடிஞ்சு முழு பணமும் கட்டிட்டேன். இப்போ பழைய ஓனர் வந்து மொத்த கடனையும் கட்டிடறேன், வீட்டை திருப்பி குடுன்னு பேங்க்ல நிக்கறாராம். பேங்கும் யோசிக்குதாம். முடியுமா?
– வாசகர், சென்னை

பதில்: லேட். 2016 திருத்தத்துக்கு அப்புறம் ஏல நோட்டீஸ் வெளியாகற வரைக்கும்தான் கடன்காரர் பணத்தை கட்டி சொத்தை மீட்க முடியும், 2023 செப்டம்பர்ல செலிர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அதை உறுதியா சொல்லிடுச்சு, பேங்க் ஏலம் எடுத்தவரை விட்டுட்டு பழைய ஓனரோட தனியா டீல் போட முடியாதுன்னும் சேர்த்து. ஆனா ஏலமே முறையா நடக்கலன்னு அவர் டிஆர்டிக்கு போகலாம், நோட்டீஸுக்கு சரியா நாள் குடுக்கல, விலை குறைச்சு மதிப்பு போட்டாங்க அப்படி இப்படின்னு. உங்களை கேக்காம ஆர்டர் வாங்கிடக்கூடாதுன்னா இன்னிக்கே டிஆர்டியில கேவியட் போட்டு வைங்க, செலவு ரொம்ப கம்மி.

கேள்வி: வீடு காலியாயிடுச்சு சார், சந்தோஷம். ஆனா ஈபில போய் பேர் மாத்த கேட்டா பழைய பாக்கி 42 ஆயிரம் கட்டுங்கறாங்க. நான் எரிச்ச கரண்டா அது?
– வாசகர், சேலம்

பதில்: இல்லதான், ஆனா கட்ட வேண்டி வரலாம். 2023 மே மாசம் கே.சி.நினன் கேஸ்ல, பழைய ஓனர் பாக்கியை புது ஓனர்கிட்ட வசூல் பண்ற மாதிரி ரெகுலேஷன்ல இருந்தா கேட்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, உள்ளது உள்ளபடி வாங்கினதும் அங்க உங்களுக்கு எதிராவே திரும்பும். பில்லுக்கு மேல போட்டிருக்கற வட்டி, பெனால்டியை பிரிச்சு காட்ட சொல்லி எழுத்துல கேளுங்க, சில சமயம் அதுல கொஞ்சம் குறையும். சொத்து வரி பாக்கியும் இதே கதைதான்.

கேள்வி: இதெல்லாம் படிச்சுட்டு ஏல வீடே வேணாம்னு தோணுது. இருந்தாலும் ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன், விலை நல்லா இருக்கு. ஏலம் கேக்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பயம் வேணாம்மா, விலை குறைவா இருக்கறதே இந்த தலைவலிக்காகத்தான். பேங்க் இன்ஸ்பெக்‌ஷன் தேதி குடுப்பாங்க, அன்னிக்கு ஒரு தடவை போங்க, அப்புறம் அவங்க இல்லாம தனியா ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு போங்க. கொடியில யாரு துணி காயுது, ஈபி மீட்டர் சுத்துதா, வாசல்ல கோலம் இருக்கா. எதிர்ல இருக்கற மளிகைக் கடையில ஒரு சோப்பு வாங்கிட்டு அந்த வீட்ல யாரு இருக்காங்கன்னு கேளுங்க, பேங்க் ஃபைல்ல இல்லாத கதை எல்லாம் அங்க கிடைக்கும். சிம்பாலிக் பொசஷன் வீடுன்னா ஒரு வருஷத்து இஎம்ஐயை உங்க ஏல தொகையில இருந்து மனசுலயே கழிச்சுட்டு அப்புறம் கேளுங்க. ஜெயிச்சா அன்னிக்கோ அடுத்த வேலை நாளோ 25 சதவீதம், மீதி 15 நாள்ல, பேங்க் எழுத்துல ஒத்துக்கிட்டா அதிகபட்சம் மூணு மாசம். தவறினா கட்டினது போச்சு. அதனால உங்க லோனை ஏலத்துக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, உள்ள ஆள் இருக்கற வீட்டுக்கு எல்லா பேங்கும் லோன் குடுக்காது, அதை முதல்லயே கேட்டுடுங்க.